இமைக் கட்டி, இமைச் சரிவு, இமை மடங்கல்: எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது

மார்ச் 4, காலை 9.10 | கேள்வி: வினவி22

இமையில் எது வந்தாலும் முதலில் வெந்நீர் ஒத்தடம் என்கிறார்கள். மேலிமையில் பட்டாணி அளவுக் கட்டி, வலி கிடையாது, ஐந்து வாரம் ஒத்தடம் கொடுத்தும் அப்படியே இருக்கிறது. ஒத்தடம், களிம்பு, சொட்டு மருந்து எல்லாம் நாளைக் கடத்தும் வேலை, இமைக் கோளாறு எதுவானாலும் முடிவு ஆபரேஷன்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 4, இரவு 10.40 | இமையோரம்

பாதியை மறுக்கிறேன். ஒத்தடம் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதைக் கொடுக்கும் விதம்.

முதலில் கட்டி எந்த வகை என்று பிரிக்க வேண்டும். கண்கட்டி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், உள்ளே இரண்டு வேறு சங்கதிகள். ஒன்று கிருமி புகுந்து சீழ் வைப்பது. சிவக்கும், தொட்டால் வலிக்கும், இரண்டு மூன்று நாளில் மஞ்சளாக முனை தெரியும். இமைமுடியின் வேரை ஒட்டிய சின்னச் சுரப்பியில் வந்தால் முனை வெளியே, இமைக்குள் இருக்கும் மைபோமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பியில் வந்தால் முனை உள்பக்கம். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் வேலை. ஒன்றிரண்டு வாரத்தில் தானே உடைந்து வடிந்துவிடும்.

இன்னொன்று சலேசியன். இதில் கிருமி இல்லை. மைபோமியன் சுரப்பியின் வாய் அடைத்து, உள்ளே தேங்கிய எண்ணெய் பக்கத்துத் திசுவில் கசிகிறது. அந்த எண்ணெயை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துச் சுற்றி வளைத்துக் கட்டியாக்கிவிடுகிறது. வலிக்காது, மேலே இருக்கும் தோல் கட்டியோடு ஒட்டாமல் நகரும். நீங்கள் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுரப்பிகள் மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை, சீப்புப் பல் மாதிரி செங்குத்தாக வரிசையில் நிற்கும். அடைபட்ட எண்ணெய் இளகுவதற்கு 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு இமையின் உள்பக்கம் வரை போய்ச் சேர வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியைப் பத்து நிமிடம் கண்ணில் வைத்திருந்துவிட்டு ஒத்தடம் கொடுத்தேன் என்றால் பலன் எப்படி வரும்?

செய்ய வேண்டியது: தண்ணீரை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூடு, 45 டிகிரிக்கு மேல் கூடாது. இரண்டு துணி வேண்டும். ஒன்று கண்ணில் இருக்கும்போது மற்றொன்று வெந்நீரில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மொத்தம் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. கண்ணை மூடியே இருக்க வேண்டும், துணியால் விழியை அழுத்தக் கூடாது. முடிந்த கையோடு, சூடு இருக்கும்போதே, கட்டியின் மேல் விரல் நுனியால் இமை ஓரத்தை நோக்கி நீவ வேண்டும். இப்படி நான்கு முதல் ஆறு வாரம் செய்து பார்த்துவிட்டுத்தான் கத்தியைப் பற்றிப் பேச்சு. மூன்று மாதம் வரைகூடப் பொறுக்கலாம்.

மார்ச் 5, காலை 7.15 | இமையோரம்

நேற்று விட்டுப்போனது. நீவும் திசை: மேலிமையில் மேலிருந்து கீழே, கீழிமையில் கீழிருந்து மேலே. இரண்டிலும் இமைமுடியை நோக்கித்தான், ஏனென்றால் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. குறுக்காகத் தேய்த்தால் ஒரு பயனும் இல்லை.

பிதுக்கவே கூடாது. சீழ்க்கட்டியைப் பிதுக்கினால் கிருமி தோலடியில் பரவி இமை முழுவதும் வீங்கும். முனை தெரியும் இடத்தில் ஓர் இமைமுடி நட்டமாக நின்றால், அதை ஒரு மருத்துவர் பிடுங்கிவிட்டாலே அந்த வழியாகச் சீழ் வடிந்துவிடும்.

மார்ச் 5, மாலை 6.30 | நோக்கர்

கண் பரிசோதகராக ஒன்று சேர்க்கிறேன். சலேசியனுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைப் புட்டி புட்டியாக விட்டுக்கொண்டிருப்பவர்கள் அதிகம். கிருமியே இல்லாத கட்டியில் அதற்கு வேலை இல்லை. இன்னொன்று: மேலிமைக் கட்டி பெரிதானால் கருவிழியை அழுத்தி வளைவை மாற்றும், பார்வை மங்கும், கண்ணாடிப் பவர் மாறியது மாதிரி தெரியும். அந்த நிலையில் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். கட்டி போன பிறகு மறுபடி அளந்தால் பவர் வேறாக இருக்கும்.

மார்ச் 7, இரவு 9.20 | இமையோரம்

நோக்கர் சொன்னது சரி. இனிக் கத்தி.

சலேசியனைக் கீறி வழிப்பது பத்துப் பதினைந்து நிமிட வேலை. மரத்துப்போகும் சொட்டு, பிறகு தோலடியில் லிக்னோகெய்ன் ஊசி ஒன்றிரண்டு மில்லி. வலி என்றால் இந்த ஊசி ஒன்றுதான். நடுவில் வளையம் உள்ள கவ்வியால் கட்டியைப் பிடித்து இமையைத் திருப்புவார்கள். கவ்வி இரண்டு வேலை செய்கிறது: ரத்தம் கசியாமல் இறுக்கும், கத்தி விழிப்பக்கம் போகாமல் தடுக்கும். கீறல் உள்பக்கம், செங்குத்தாக. குறுக்கே கீறினால் பக்கத்துச் சுரப்பிகள் நாலைந்து வெட்டுப்படும். இமை ஓரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆறிய பிறகு ஓரத்தில் பள்ளம் விழும். பிறகு சிறு கரண்டியால் உள்ளிருப்பதை வழித்தெடுத்து, சுற்றியிருக்கும் பையையும் இயன்றவரை எடுக்க வேண்டும். பையை விட்டால் அதே இடத்தில் மறுபடி நிரம்பும். தையல் கிடையாது. கவ்வியை எடுத்ததும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, களிம்பு, சில மணி நேரம் கட்டு. வெளியே தழும்பு தெரியாது. சிறுவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும், அதனால்தான் அவர்கள் விஷயத்தில் ஒத்தடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பது.

கத்திக்கும் ஒத்தடத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கட்டிக்குள் டிரையாம்சினலோன் ஸ்டீராய்டு ஊசி, 0.1 முதல் 0.2 மில்லி. சில வாரத்தில் சுருங்கும், சிலருக்கு இரண்டாவது ஊசி வேண்டியிருக்கும். கண்ணீர்ப்பாதை பக்கம், அதாவது மூக்கை ஒட்டிய மூலையில், கட்டி இருந்தால் கீறுவதைவிட இது நல்லது. பிரச்சினை என்னவென்றால், தோல் வழியாகக் குத்தினால் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அந்த இடம் வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு. இமையைத் திருப்பி உள்பக்கம் வழியாகக் குத்தினால் அந்த அபாயம் குறையும். குத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 8, காலை 6.50 | இமையோரம்

4ஆம் தேதி "மூன்று மாதம் வரைகூடப் பொறுக்கலாம்" என்று எழுதியதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. இளவயதினரின் முதல் கட்டிக்கு அது சரி. எல்லோருக்கும் சரியில்லை.

இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் சலேசியன் வேடத்தில்தான் வரும். ஐம்பதைத் தாண்டியவருக்கு, வழித்தெடுத்த அதே இடத்தில் திரும்ப வரும் கட்டி. கட்டியின் மேல் இமைமுடி உதிர்ந்த இடம். இமை ஓரம் தடித்து மஞ்சளாவது. ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத சிவப்பு. இதில் ஒன்று இருந்தாலும் ஒத்தடத்தை நிறுத்திவிட்டுத் திசுப் பரிசோதனை. வழித்தெடுத்ததைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் போட்டு அனுப்பச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. கீழிமையில் ஆறாமல் பொருக்குத் தட்டி, நடுவில் குழிந்து, ஓரம் முத்துப் போல மினுக்கும் புண்ணும் அப்படியே, அது வேறு வகைத் தோல் புற்று. அதை எடுக்கும்போது ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வெட்டினால் நல்ல திசு வீணாகாது. இமையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேண்டும்.

மார்ச் 8, பகல் 1.05 | வினவி22

ஒத்தடத்தை இரண்டு துணி முறையில் மறுபடி தொடங்குவதாக முடிவு. ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருந்தால், அதாவது வேறு வேறு இடத்தில், என்ன அர்த்தம்?

மார்ச் 11, இரவு 11.00 | இமையோரம்

இமை ஓரம் முழுவதுமே அழற்சியில் இருக்கிறது என்று அர்த்தம். பிளெஃபரைடிஸ். கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் தீராது.

கண்ணாடி முன் நின்று கீழே பார்த்தபடி மேலிமை முடிகளின் அடியைக் கவனியுங்கள், அல்லது வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பொடுகு இமைமுடி மேல் பரவலாக ஒட்டியிருந்தால் தலைப் பொடுகும் கூடவே இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடினமான செதில், எடுத்தால் சிறு புண் என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ். முடியின் அடியைச் சுற்றிக் குழாய் மாதிரி, மெழுகு நிறத்தில் உறை போட்டிருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி. இந்தக் குழாய் உறை மிக நம்பகமான அடையாளம். முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

பராமரிப்பு எல்லா வகைக்கும் பொது: ஒத்தடம், நீவல், அதன் பிறகு இமை ஓரத்தைத் துடைப்பது. துடைப்பதைப் பலரும் இமைத் தோல் மேல் செய்கிறார்கள். துடைக்க வேண்டியது முடி முளைக்கும் வரிசையை. கண்ணை மூடி, இமையைப் பக்கவாட்டில் லேசாக இழுத்துப் பிடித்து, பஞ்சுக் குச்சியை முடியடியில் வைத்து மூலையிலிருந்து மூலைக்கு. கண் ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி. முதல் மாதம் நாளைக்கு இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை, வாழ்நாள் பழக்கமாக. பல் தேய்ப்பதை எந்த நாளோடு நிறுத்தலாம் என்று யாரும் கேட்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

டெமோடெக்ஸ் ஒரு தலைமுறை முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் பத்து நாள் துடைத்துவிட்டு நிறுத்தினால் முட்டையில் இருந்தவை மறுபடி பெருகும். குறைந்தது ஆறு வாரம் தொடர வேண்டும். இதற்கென்றே லோட்டிலனர் 0.25 சதவீதச் சொட்டு மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் அனுமதி கொடுத்தது. நாளைக்கு இரண்டு முறை, ஆறு வாரம்.

சுரப்பி அடைப்பு பிடிவாதமாக இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை சில வாரம் தருவார்கள். கிருமியைக் கொல்வதைவிட, அழற்சியைத் தணித்து எண்ணெயின் தன்மையை மாற்றுவதற்காக. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கூடாது. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகும்.

மார்ச் 12, காலை 8.00 | நோக்கர்

தேயிலை மர எண்ணெய் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சுத்த எண்ணெயைக் கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது, கருவிழி வெந்துபோகும். இமைக்கென்று நீர்த்துத் தயாரித்த துடைப்பான்கள் உண்டு, அவை மட்டும். குழந்தை ஷாம்பூவை நீர்த்துத் துடைக்கும் பழைய முறையும் கண்ணீர்ப் படலத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான். இமைத் துடைப்பான் கிடைக்காவிட்டால் மட்டும் அது.

மார்ச் 12, காலை 8.40 | இமையோரம்

ஏற்கிறேன். குழந்தை ஷாம்பூவை நானே எழுதியிருப்பேன், பழக்க தோஷம்.

மார்ச் 16, இரவு 10.10 | இமையோரம்

கட்டியை விட்டு இமைச் சரிவுக்கு வருகிறேன், மருத்துவர்கள் டோசிஸ் என்பது. இங்கே கேள்வி தலைகீழாகிறது. சலேசியனில் அவசரப்படுகிறவர்கள், இமை இறங்கினால் "தூக்கமில்லை, வயசாச்சு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டியவை: திடீரென இமை இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கருப்பு வட்டம்) பெரிதாகி, இரட்டைப் பார்வையோ தலைவலியோ இருந்தால். மூளை ரத்தக்குழாயில் புடைப்பு ஒன்று, இமையையும் விழியையும் அசைக்கும் மூன்றாவது மூளை நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம், அது வெடிப்பதற்குள் பார்க்க வேண்டும். இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் இறங்கி, பாப்பா சிறுத்து, கழுத்து வலி இருந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். இந்த இரண்டிலும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

காலையில் சரியாக இருந்து மாலையில் இறங்கும் இமை, ஒருநாள் வலது, ஒருநாள் இடது என்றால் மையஸ்தீனியா என்ற நரம்புத்தசை நோயை நினைக்க வேண்டும். எளிய சோதனை: துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஏறும். இதற்கு மருந்துதான். கத்தி வைத்தால் இமை நாளுக்கொரு உயரத்தில் நிற்கும்.

மற்றபடி பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி, இமையைத் தூக்கும் தசையின் நார்ப்பட்டை நைந்து, இமைக்கு விறைப்புத் தரும் இமைத்தகட்டை விட்டு விலகுவது. வயது, வருடக்கணக்கில் கடின கான்டாக்ட் லென்ஸ் போட்டுக் கழற்றுவது, கண்ணைக் கசக்கும் வழக்கம், கண்புரை ஆபரேஷன் எல்லாம் காரணம். அடையாளம்: இமை மடிப்புக்கோடு மேலே ஏறியிருக்கும், தசையின் பலம் குறைந்திருக்காது.

மார்ச் 17, இரவு 9.45 | இமையோரம்

எந்த ஆபரேஷன் என்பதை முடிவு செய்வது இரண்டு எண்கள்.

முதல் எண்: டார்ச் வெளிச்சம் பாப்பாவின் நடுவில் விழும் புள்ளிக்கும் மேலிமை ஓரத்துக்கும் உள்ள தூரம். சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர். 2 அல்லது அதற்குக் கீழே போனால் மேல்பார்வை மறைக்கும்.

இரண்டாவது எண்: தசை பலம். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி அளவுகோலை வைத்து, பிறகு மேலே பார்க்கச் சொன்னால் இமை ஓரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது? 12க்கு மேல் என்றால் சாதாரணம். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தத் தசையை எவ்வளவு சுருக்கினாலும் தூக்காது. புருவத்தை அழுத்தாமல் அளந்தால் நெற்றித் தசை உதவி செய்து எண்ணைக் கூட்டிக் காட்டும், அந்த எண்ணை நம்பித் தவறான ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது நடக்கிறது.

பலம் நன்றாக இருந்தால் நார்ப்பட்டையை முன்னே இழுத்து இமைத்தகட்டில் தைப்பது. சரிவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், 2.5 சதவீத ஃபினைல்எஃப்ரின் சொட்டு விட்டதும் இமை ஏறுகிறது என்றால், இமையைத் தூக்க உதவும் சின்னத் தசையான முல்லர் தசையை உள்பக்கமாகக் குறுக்குவது போதும், வெளியே தையல் தெரியாது. பலம் 4க்குள் என்றால் இமையை நெற்றித் தசையோடு தூளியாகக் கட்டுவது. கட்டுவதற்குச் சிலிகான் இழை அல்லது தொடையிலிருந்து எடுத்த நார்த்திசு.

பெரியவர்களுக்கு முடிந்தவரை முழு மயக்கம் இல்லாமல் செய்வார்கள். பாதியில் எழுந்து உட்கார வைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்க்கலாம். ஊசியில் அட்ரினலின் இருந்தால் முல்லர் தசை தூண்டப்பட்டு இமை சற்று உயரமாக நிற்கும், அதைக் கழித்துக்கொண்டு தைக்க வேண்டும்.

மறக்கக் கூடாத ஒன்று: இரண்டு இமைக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு கட்டளைதான் போகிறது. இறங்கிய பக்கத்தைத் தூக்க மூளை கூடுதலாக முயல்வதால் மறுபக்கமும் சற்றுத் தூக்கி நிற்கும். ஒரு பக்கத்தைச் சரிசெய்ததும் கூடுதல் கட்டளை நின்று, நன்றாக இருந்த பக்கம் இறங்கிவிடும். முன்னமே இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்து மறுபக்கம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டால் பிறகு சண்டை வராது.

பிறவிச் சரிவு தனிக்கதை. இமை பாப்பாவை மூடினால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் சோம்பேறிக் கண்ணாகும். அங்கே வயது பார்த்துப் பொறுப்பதில்லை, கைக்குழந்தையாக இருந்தாலும் சிலிகான் தூளி போட்டுத் தூக்கிவிடுவார்கள். மூடாவிட்டால் மூன்று நான்கு வயதுவரை பொறுக்கலாம், அதற்குள் தொடை நார் எடுக்குமளவு வளர்ந்திருக்கும். பொறுக்கும் காலத்திலும் பார்வைப் பரிசோதனையை விடக் கூடாது, ஏனென்றால் இமையின் பாரம் கருவிழியைச் சாய்த்துச் சிலிண்டர் பவர் கொடுக்கும்.

மார்ச் 18, காலை 7.30 | வினவி22

ஆபரேஷன் இல்லாமல் இமையைத் தூக்கும் சொட்டு இருக்கிறதாமே?

மார்ச் 18, மாலை 5.55 | இமையோரம்

ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீதம். 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களின் இமைச் சரிவுக்காக அனுமதி பெற்றது. முல்லர் தசையைத் தூண்டும், காலையில் ஒரு சொட்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஏறும், சில மணி நேரம் நிற்கும். காரணத்தை அது தொடுவதில்லை. 16ஆம் தேதி எழுதிய ஆபத்தான காரணங்களை ஒதுக்கிய பிறகுதான் விட வேண்டும், இல்லாவிட்டால் அடையாளத்தை மறைத்துவிடும்.

அதே மருந்தின் பெயர் மூக்கடைப்புச் சொட்டிலும் இருக்கும். அதைக் கண்ணில் விடாதீர்கள், அது கண்ணுக்கென்று தயாரித்ததில்லை. நெற்றிச் சுருக்கத்துக்குப் போட்ட போடாக்ஸ் இறங்கி வந்த இமைச் சரிவு என்றால் சில வாரங்களில் தானே ஏறிவிடும், கத்தி தேவையில்லை.

மார்ச் 23, இரவு 10.30 | இமையோரம்

தோல் தளர்ந்து இமை மேல் திரைபோல விழுவது வேறு, இமையே இறங்குவது வேறு. தொங்கும் தோலை விரலால் தூக்கிப் பாருங்கள். இமை ஓரம் பாப்பாவுக்கு மேலே சரியான இடத்தில் இருந்தால் தோல்தான் குற்றவாளி. புருவமே இறங்கியிருந்து, அதைக் கவனிக்காமல் தோலை வெட்டினால் புருவம் இன்னும் இறங்கும்.

தோலை எடுக்கும் ஆபரேஷனில் எல்லாம் குறியிடுவதில் இருக்கிறது. உட்காரவைத்துக் குறிக்க வேண்டும், படுத்தால் தோல் நழுவிவிடும். கீழ்க்கோடு இயல்பான மடிப்பில். மேலே எவ்வளவு என்பதைக் குறட்டால் கிள்ளிப் பார்க்க வேண்டும், இமைமுடி சற்றே மேல்நோக்கும் அளவோடு நிறுத்த வேண்டும். புருவத்தின் கீழ் ஓரத்துக்கும் இமை ஓரத்துக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் தோலாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தூங்கும்போது கண் மூடாது. குறைவாக எடுத்ததைப் பிறகு இன்னொரு முறை எடுக்கலாம், அதிகமாக எடுத்ததற்கு வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டி வரும்.

கண் வறட்சி உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 11ஆம் தேதி எழுதிய இமை ஓர அழற்சியோடு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் எரிச்சல் என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து முதல் 48 மணி நேரம் குளிர் ஒத்தடம், தலை உயரமாக, குனிந்து கனமானதைத் தூக்கக் கூடாது. ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிக்கலாம். வீக்கம் பெரும்பகுதி இரண்டு வாரத்தில் வடியும், இறுதி வடிவம் தெரிய இரண்டு மூன்று மாதம்.

அரிதாக வருவது, ஆனால் தெரிந்தே ஆக வேண்டியது: விழிக்குப் பின்னால் ரத்தக் கசிவு. வலி கூடிக்கொண்டே போகும், கண் பிதுங்கும், கல் மாதிரி இறுகும், பார்வை மங்கும். பெரும்பாலும் முதல் நாளுக்குள். வலி மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. தையலைப் பிரித்து, இமையின் வெளிமூலையை வெட்டி அழுத்தத்தை இறக்குவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் பார்வை நரம்பு மீள்வது கடினம். அதனால்தான் கண் முழுவதையும் இறுக்கிக் கட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பார்வை போகிறதா என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. எழுதிக்கொடுத்தவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 29, இரவு 8.50 | இமையோரம்

கீழிமை இரண்டு பக்கம் மடங்கும். உள்ளே மடங்கினால் முடி கருவிழியில் உரசும். வெளியே மடங்கினால் கண்ணீர் வடிகாலின் வாய் கண்ணை விட்டு விலகி, நீர் கன்னத்தில் வழியும். வயதில் வரும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இமையின் வெளிமூலைக் கட்டு தளர்வது. கீழிமையைக் கீழே இழுத்து விட்டுப் பாருங்கள். கண்ணைச் சிமிட்டாமலே உடனே ஒட்டினால் பிடிப்பு உண்டு, மெதுவாக வந்தால் தளர்வு.

உள்மடங்கலுக்கு ஆபரேஷன் வரை கைகொடுப்பது ஒட்டுநாடா. தோலுக்குக் கெடுதியில்லாத நாடா, விரல் அகலம். இமைமுடிக்குச் சற்றுக் கீழே ஒட்டி, கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் இழுத்துக் கன்னத்தில் ஒட்ட வேண்டும். ஆபரேஷன் பொதுவாக வெளிமூலையை எலும்புச் சவ்வோடு இறுக்கித் தைப்பதும், கீழிமையை இறக்கும் நாரை மீண்டும் பொருத்துவதும். இமையை வெளியே திருப்பும் மூன்று தையல் மட்டும் போட்டால் படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் செய்யலாம், சில நிமிடம்தான், ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

வெளிமடங்கலில் எல்லோரும் செய்யும் தவறு, வழியும் நீரைக் கீழ்நோக்கித் துடைப்பது. ஒவ்வொரு துடைப்பும் இமையை இன்னும் கீழே இழுக்கிறது. மூக்கை நோக்கி மேலாகத்தான் ஒற்ற வேண்டும்.

ட்ரகோமா என்ற கண் தொற்று விட்ட தழும்பால் மேலிமை உள்ளே மடங்குவது வேறு. அங்கே இமைத்தகட்டையே கீறித் திருப்ப வேண்டும், மூலையை இறுக்கினால் பயன் இல்லை. உரசும் முடியைப் பிடுங்குவது தற்காலிகம், நாலு முதல் எட்டு வாரத்தில் குட்டையாக, இன்னும் கூர்மையாக முளைக்கும்.

ஏப்ரல் 2, காலை 7.00 | இமையோரம்

இமைத் துடிப்பு பற்றித் தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள். கீழிமை ஓரம் மட்டும் படபடப்பது தூக்கக்குறைவு, காபி, மனச்சுமை. சில நாளிலிருந்து சில வாரம், தானே நிற்கும். இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் கூடி, நடக்கும்போது திறக்க முடியாமல் போனால் அது பிளெஃபரோஸ்பாசம். போட்டுலினம் ஊசி, 1989 முதல் அனுமதி உள்ள மருந்து. இரண்டு நாளைக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும், சுமார் மூன்று மாதம் நிற்கும், மறுபடி போட வேண்டும். முகத்தின் ஒரு பாதி முழுவதும், கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், ரத்தக்குழாய் ஒன்று முகநரம்பை உரசிக்கொண்டிருக்கலாம்.

ஏப்ரல் 9, இரவு 9.15 | நோக்கர்

முகவாதத்தில் மூடாத கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை. முகம் கோணியதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலில் மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு நாடா.

ஏப்ரல் 9, இரவு 10.25 | இமையோரம்

நல்லது, விட்டுப்போயிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன், அதனால் முதலில் மருத்துவர். பக்கவாதம் இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நரம்பு திரும்பாவிட்டால் மேலிமைக்குள் தங்கம் அல்லது பிளாட்டினத் தகடு வைப்பார்கள், ஏறக்குறைய ஒரு கிராம். முன்கூட்டியே வெவ்வேறு எடையை இமைத் தோல் மேல் ஒட்டிப் பார்த்து, கண் மூடவும் வேண்டும், திறந்தால் தொங்கவும் கூடாது என்ற எடையைத் தேர்ந்தெடுப்பார்கள். இமை தன் பாரத்தால்தான் இறங்குகிறது, அதனால் படுத்தால் முழுதாக மூடாது. தகடு வைத்தவர்களும் இரவுக் களிம்பை விடக் கூடாது.

ஏப்ரல் 10, காலை 6.40 | இமையோரம்

நாடா பற்றித் திருத்தம். 29ஆம் தேதி கீழ்நோக்கி இழுத்து ஒட்டச் சொன்னது உள்மடங்கலுக்கு மட்டும். முகவாதத்தில் கீழிமையை அப்படி ஒட்டினால் கண் இன்னும் திறக்கும். அங்கே கீழிமையை வெளிமூலைப் பக்கமாக மேலே தூக்கி ஒட்ட வேண்டும். மேலிமையை விரலால் முழுவதும் இறக்கி, கண் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, நாடாவை இமை மேல் குறுக்கே. பாதி திறந்த கண் மேல் நாடாவோ பஞ்சோ பட்டால் இரவு முழுவதும் கருவிழியில் தேய்க்கும், நாடா இல்லாமலே படுப்பதைவிட அது மோசம். களிம்பு வழவழப்பில் நாடா பிடிக்காது. முதலில் கண்ணுக்குள் களிம்பு, பிறகு இமைத் தோலை உலர்ந்த பஞ்சால் துடைத்து, அதன் பிறகு நாடா.

ஏப்ரல் 14, இரவு 9.00 | வினவி22

கட்டி பாதியாகிவிட்டது. இன்னும் ஒரு பயறு அளவு. சிவப்பு, வலி இல்லை.

ஏப்ரல் 14, இரவு 9.35 | இமையோரம்

தொடருங்கள். நாளைக்கு இரண்டு தடவை போதும். ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள், தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நான்கு வாரம் படம் மாறாமல் நின்றால் கீறி எடுப்பவரிடம் காட்டுங்கள், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் இமை முழுவதும் சிவந்து வீங்கி, காய்ச்சலோ, விழியை அசைத்தால் வலியோ, இரட்டைப் பார்வையோ வந்தால் நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்று இரவே போக வேண்டும்.